அயோடின் போத்தல்

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நண்பன், தன் கடல்நீர் மீன்தொட்டியை எங்கள் ஜெலாப்பாங் வீட்டில் விட்டுப் போனான். அதில் காளான் போன்ற ஓர் உயிருள்ள பவளம், அவன் பிள்ளைபோல வளர்த்தது. "வாரம் ஒரு தடவ சத்துக்கு அயோடின் ரெண்டு சொட்டு. அதுக்கு மேல வேணாம் மச்சான்" என்று சொல்லியிருந்தான்.

ஒரு காலையில் பவளம் சுருங்கி, வெளிறிக் கிடந்தது. செத்துவிடுமோ என்று பயந்தேன். சத்து போதவில்லை என்று நானே முடிவு செய்து கூடுதலாக ஊற்றினேன். மறுநாளும் விரியவில்லை. மறுபடி ஊற்றினேன். நண்பன் கூப்பிட்டபோது, "எல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

அடுத்த நாள் போத்தலைக் காணவில்லை. மனைவி ஒளித்து வைத்திருந்தாள். கத்தினேன். அவள் அசையவில்லை.

"ஊத்துனா உங்க பயந்தான் கொறையுது. அதுக்கு என்னா ஆவுதுன்னு தெரியுமா? அண்ணனுக்குப் போன் போடுங்க."

போட்டேன். பவளம் வாடிவிட்டது என்று நண்பனிடம் சொன்னேன்.

"தோல் உரிக்குது மச்சான். அப்பப்போ மூடிக்கும், தானா சரியாயிரும்லா" என்று சிரித்தவன், "நீ ஒன்னும் ஊத்தலதானே?" என்றான்.

"ஊத்திட்டேன்டா."

"கொஞ்சம் தண்ணி மாத்து. அப்புறம் கை வைக்காத" என்றான்.

கை வைக்காமல் இருந்த அந்த நாட்கள்தான் கொடுமை. வேலை முடிந்து வந்து தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்போல ஒரு தோல் கழன்று மிதந்தது. அடியில் பவளம் விரிந்திருந்தது.

வாரம் இரண்டு சொட்டை இப்போது மனைவிதான் விடுகிறாள். போத்தல் எங்கே இருக்கிறது என்று நான் கேட்பதில்லை.