மாடி போர்ஷனும் மேடைப் பேச்சும்

மேடை கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை நான். எல்லா மனிதரையும் உறவாக நினைத்த, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய புலவர்களைப் பற்றி, பாலக்கரையில் எங்கள் குடியிருப்போர் சங்க விழாவில் நாற்பது நிமிடம் பேசினேன். பலத்த கைதட்டல். நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தியதை, முடித்துவிட்டேன் என்று நம்பித் தட்டியது.

அடுத்த ஞாயிறு எங்கள் மாடி போர்ஷனை வாடகைக்குப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அவர் அரியமங்கலத்தில் லேத் ஓட்டுகிறவர். அந்த அம்மா பள்ளிக்கூட டீச்சர். குழாய்களைத் திறந்து பார்த்தார்கள். பிடித்துவிட்டது.

"சொந்த ஊர் எதுங்க?" என்றேன்.

"லால்குடி பக்கம் சார்."

"அங்க எந்தத் தெரு?"

நான் ஒன்றும் அங்கே தபால் கொடுக்கப் போவதில்லை. சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படும் என்னைப் போன்ற நாகரிகஸ்தர்கள் கேட்பது அது. அவருக்கும் புரிந்தது. செருப்பை மாட்டப் போனார். அந்த அம்மா நகரவில்லை.

"போன வாரம் பேசினது நீங்கதானே சார்? வீடு தேடி இந்தப் பக்கம் வந்தப்ப கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டேன். இது நாங்க பாக்குற ஒன்பதாவது வீடு. எட்டு வீட்டுலயும் தெருவைத்தான் கேட்டாங்க. ஆனா அவங்க யாரும் முன்னாடி மைக்கைப் பிடிக்கல."

என் நாற்பது நிமிடமும் அங்கேயே கிழிந்தது.  பிறகு சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

"தெரு வேண்டாங்க. தப்பாக் கேட்டுட்டேன். எப்பப் பால் காய்ச்சுறீங்க?"

பக்கத்து வீட்டிலிருக்கும் என் அண்ணன் சாயங்காலமே வந்துவிட்டார்.

"என்ன ஆளுங்கன்னு விசாரிச்சியா?"

"கேட்டேன். பதில் வர்றதுக்குள்ள சாவியைக் குடுத்துட்டேன்."

"மேடையில பேசுறதையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வருவியாடா?"

"ரெண்டாயிரம் வருஷமா வாசல்லயே நிக்குதுண்ணே. இன்னும் எவ்வளவு நேரம் நிக்க வைக்கிறது?"

"அப்ப நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"உங்க இஷ்டம்ணே. சாவியைத் திருப்பி வாங்க மாட்டேன்."

பால் காய்ச்சிய அன்று அண்ணன் வரவில்லை. தெருவில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அது எனக்குத் தண்டனையா, என் பேச்சைக் கேட்டுக் களைத்த அவர்களுக்கு ஓய்வா என்று தெரியவில்லை.

"மாடியில யாரு?" என்று இப்போதும் கேட்கிறார்கள்.

"லேத் ஓட்டுறவர், டீச்சர், ரெண்டு பிள்ளைங்க."

"அது சரி, அவங்க..." என்று இழுப்பார்கள். இழுக்கட்டும். அதற்கு மேல் என்னிடம் பதில் கிடையாது.