மேக்ஸ் ஓட்டப் படித்தவள்

வெள்ளகோவிலில் அப்பாவின் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில்தான் எனக்கு அது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டாம் பந்தி. ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா ஒருவர் இடக்கையால் செல்போனை என் பக்கம் நீட்டினார்.

"அம்மணி, இது நீ படிச்ச ப்ளேனாட்ட இருக்குதே?"

எத்தியோப்பியாவில் கிளம்பிய சில நிமிடங்களில் ஒரு விமானம் விழுந்து நொறுங்கியிருந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. மாடலின் பெயர் கீழே இருந்தது: 737 மேக்ஸ். சில மாதங்களுக்கு முன் இந்தோனேசியாவில் கடலுக்குள் விழுந்ததும் அதே மாடல்தான்.

ஆமாங் மாமா என்று சொல்லிவிட்டு இலையை மடித்தேன். கை கழுவும் இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். அப்பா மண்டப வாசலில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் "பைலட் புள்ளையோட அப்பா". அவரிடம் அங்கே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உடுமலைக்குத் திரும்பும்போது காரில்தான் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, என் போனை வாங்கி, எரிந்து கிடந்த அந்த மண்ணின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பின்சீட்டில் என்னங்க, என்னங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பைலட் என்றால் எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை. சின்ன விமானத்தில் பறந்து லைசென்ஸ் வாங்கிய பிறகு, பெரிய விமானத்துக்கு மாடல் மாடலாகத் தனியாகப் படிக்க வேண்டும். டைப் ரேட்டிங் என்பார்கள். நான் எடுத்தது 737 குடும்பத்துக்கு. எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த கம்பெனி அந்த வரிசையில் கடைசியாக வந்த மேக்ஸை வாங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மேக்ஸ்தான் என் விமானம் என்று முடிவாகிவிட்டது. படிப்புக்காக எங்கள் தென்னந்தோப்பில் பாதி போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒருநாளும் பேசியதில்லை.

அந்த விமானத்தின் மேல் எனக்கு உண்மையாகவே ஆசை இருந்தது. அது அறுபதுகளில் பிறந்த விமானம். பெரிய ஏணி, தூக்கி எதுவும் இல்லாத சின்ன ஊர் விமான நிலையங்களுக்காக வரைந்தார்கள். அதனால் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இருக்கும். தன் படிக்கட்டைத் தானே இறக்கும். கீழே நிற்கும் ஆள் பெட்டியைக் கையாலேயே ஏற்றிவிடலாம். முதலில் அதை வாங்க ஆள் இல்லை, நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தார்களாம். பிறகு உலகத்தில் அதிகம் விற்ற விமானங்களில் ஒன்றாகிவிட்டது. இதையெல்லாம் நான் அப்பாவுக்குச் சொன்னபோது அவர் சந்தோஷமாகக் கேட்டார். நம்மூர் டவுன் பஸ்ஸாட்ட என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லியிருக்கிறேன். எஞ்சின்கள் காலத்துக்குக் காலம் பெரிதாகிக்கொண்டே போயின. இந்த விமானமோ தாழ்வானது, இறக்கைக்கு அடியில் இடம் இல்லை. ஒருமுறை எஞ்சின் கூட்டின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கிச் சமாளித்தார்கள். போட்டிக் கம்பெனி எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புது எஞ்சினோடு வந்தபோது, புதிதாக ஒரு விமானம் வரைய நேரமில்லை என்று இந்தப் பழைய விமானத்தையே மறுபடியும் எடுத்தார்கள். பெரிய எஞ்சினை முன்னால் தள்ளி, மேலே தூக்கி மாட்டினார்கள். அதுதான் மேக்ஸ். அறுபதுகளில் போட்ட படம் இன்னும் பறக்கிறது பாருங்ப்பா என்று நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

நான் சொல்லாதது, எனக்கே தெரியாதது ஒன்று இருந்தது. எஞ்சினை இடம் மாற்றியதால் சில நேரங்களில் மூக்கு மேலே தூக்கப் பார்த்தது. அதைக் கீழே அழுத்த ஒரு மென்பொருளைச் சேர்த்திருந்தார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் உணர்கருவி இருந்தும், ஒன்று சொல்வதை மட்டுமே அது நம்பியது. அந்தக் கருவி தப்பாகச் சொன்னால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் விமானத்தையும் மறுபடி மறுபடி தரையைப் பார்த்து அழுத்தும். விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி எழுதவில்லை. பழைய மாடல் ஓட்டியவர்கள் மேக்ஸுக்கு மாற, டேப்லெட்டில் ஒரு பாடம் பார்த்தால் போதும் என்று வைத்திருந்தார்கள்.

அந்த வாரமே உலகம் முழுக்க மேக்ஸ்களை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது, அடுத்த சில வாரங்களில் மூடிவிட்டது. பல வருஷம் பறந்த கேப்டன்களே வேலை கேட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு பயணியைக்கூட ஏற்றிப் பறக்காத எனக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. ஊருக்கு வந்துவிட்டேன்.

அப்பா யூடியூபில் தமிழில் அந்த விபத்துகளைப் பற்றி வந்ததையெல்லாம் பார்க்க ஆரம்பித்தார். காலையில் தோப்புக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார். ஒருநாள் நான் டீ கொண்டுபோனபோது போனை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"ஓட்டுனவங்களுக்கே தெரியாதா கண்ணு, அப்படி ஒண்ணு உள்ள இருக்குதுன்னு?"

"மொத ப்ளேன் விழுகற வரைக்கும் தெரியாதுங்ப்பா."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாதுங்ப்பா."

டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எத்தியோப்பியாவில் விழுந்த விமானத்தின் துணை விமானிக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான். அதை அவரிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன். அவர் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

என்னோடு சிமுலேட்டரில் ஜோடியாகப் பயிற்சி எடுத்தவன் கோவை கோட்டைமேட்டுக்காரன். அவன் வீட்டில் அத்தர் வியாபாரம். முதலில் அடிக்கடி போன் செய்வான். அந்தக் கம்பெனி எடுக்கப் போகிறதாம், இந்தக் கம்பெனியில் தெரிந்தவர் இருக்கிறாராம் என்பான். பிறகு கொரோனா வந்தது. மேக்ஸ் மட்டும் என்றில்லாமல் எல்லா விமானமும் தரையில் நின்றன. ஒருநாள் அழைத்து, வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டர் வேலைக்குப் போவதாகச் சொன்னான். அங்கே யூனிஃபார்ம் உண்டா என்று விளையாட்டாகக் கேட்டேன். உண்டு, டையும் உண்டு என்றான்.

அம்மா ஜாதகத்தை எடுத்தார். பைலட் பெண் நமக்கு ஒத்துவராது என்று முன்பு சொன்ன வீடுகளிலேயே, வேலையில்லாத பைலட் எதற்கு என்று இப்போது சொன்னார்கள். காரமடையிலிருந்து வந்த ஒரு வரன் மட்டும் என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். மரியாதையான ஆள்தான். மேக்ஸை மறுபடி பறக்கவிட்டால் நீங்கள் போவீர்களா என்று கேட்டார். போவேன் என்றேன். அவர் திரும்ப வரவில்லை.

மேக்ஸைத் திருத்தினார்கள். மறுபடி பறக்கவும் விட்டார்கள். ஒரு புதுக் கம்பெனி அதையே வரிசையாக வாங்கியது. நான் விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறினேன். பெங்களூரில் சிமுலேட்டர் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். அத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சாப்பிட்டதும் தூங்கியதும் அந்த வாரத்தில்தான். சமையலறை மேடையில் சுவிட்சுகளின் படத்தை விரித்துவைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பழகுவேன். அம்மா அதைச் சுற்றிக்கொண்டு காய் நறுக்குவார்.

கிளம்பும் நாள் காலையில் அப்பா கேட்டார், இப்போது அதில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று. சொன்னேன். இரண்டு பக்கத்துக் கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது வேலை செய்யும். ஒரே ஒரு தடவைதான் அழுத்தும். விமானி கையால் இழுத்தே அதை மீறிவிடலாம். கையேட்டிலும் எழுதிவிட்டார்கள், சிமுலேட்டரிலும் பழக்குகிறார்கள்.

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல" என்றார். நானும் வாரேன் என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

தேர்வு எடுத்தவர் வயதான கேப்டன், அமைதியானவர். கிளம்புவது, திரும்புவது எல்லாம் சரியாகவே போனது. பிறகு அந்தக் கோளாறைக் கொடுத்தார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், முழங்கால் பக்கத்தில் ஒரு கறுப்புச் சக்கரம் இருக்கும். விமானத்தின் மூக்கை மேலும் கீழும் சாய்க்கிற சக்கரம் அது. அது தானாகவே சடசடவென்று சுற்ற ஆரம்பித்தது. மூக்கு கீழே போனது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சுற்றும் மோட்டாரின் இரண்டு சுவிட்சுகளையும் அணைத்தேன். சக்கரத்தின் கைப்பிடியை வெளியே இழுத்துச் சுற்றினேன். அது சுற்றியது. மூக்கு மேலே வந்தது. நன்று என்று பின்னாலிருந்து கேப்டன் சொன்னார்.

எத்தியோப்பியாவில் அவர்களும் இதே சுவிட்சுகளைத்தான் அணைத்தார்கள். வேகம் அதிகமாக இருந்ததால் அவர்களுக்குச் சக்கரம் சுற்றவில்லை. எனக்குச் சுற்றிவிட்டது என்ற நினைப்பு வந்ததும் கை ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் திருத்த ஆரம்பித்தது. அடுத்து இறங்க வேண்டும். ஓடுபாதை கண்ணாடிக்கு நேரே நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. மறுபடி எழும்பிச் சுற்றி வந்தேன். இரண்டாவது முறை அதைவிட மோசம். கேப்டன் சிமுலேட்டரை அப்படியே உறையவைத்துவிட்டு விளக்கைப் போட்டார். இவ்வளவு காலம் பறக்காமல் இருந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும், கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கிடைக்கலீங்ப்பா என்றேன்.

அம்மாவுக்கு முன்பு ஒருமுறை மார்பில் கட்டி வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான் என்று டாக்டர் சொன்னபோது அப்பாவின் முகம் எப்படித் தளர்ந்ததோ, அப்படியே அப்போதும் தளர்ந்தது. ஒரு நொடிதான். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, போவுது விடு கண்ணு என்று என் பையை வாங்கினார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

தோற்றதைவிட அது என்னைக் கீழே தள்ளியது. அந்த விமானத்தின் மேல் உலகமே பழி சொன்ன நாட்களில்கூட, நான் பறக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு ஆள் மிச்சம் இருக்கிறார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பகல் ரயிலில் திரும்பினோம். சேலம் தாண்டும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"குலதெய்வம் கோயில்ல பூ கேட்டேன் கண்ணு."

சாமி மேல் பூவை வைத்து, அது எந்தப் பக்கம் விழுகிறது என்று வாக்குக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"எனக்குக் கிடைக்கோணும்னுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் புள்ளைங்களும் எல்லாம் சரியாத்தான் செஞ்சாங்க. அவங்க அப்பனம்மா எத்தனை பேர்த்துகிட்டச் சொல்லியிருப்பாங்க, எங்க புள்ள ப்ளேன் ஓட்டுதுன்னு. என்னால முடியலை சாமி. வேண்டிக்கிட்டுப் போட்டேன்."

பூ எந்தப் பக்கம் விழுந்தது என்று நான் கேட்கவில்லை. கோபப்பட வேண்டும் என்று இருந்தது, வரவில்லை. அவர் அழுதாரா என்றும் பார்க்கவில்லை. எதிர்சீட்டில் இருந்த பெண்மணி எங்களுக்கு முறுக்கு நீட்டினார். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

ஊருக்கு வந்த பிறகு அவர் மாறிவிட்டார். பயிற்சிக்குப் போ, நான் ஏற்பாடு செய்கிறேன் என்று பலமுறை சொன்னார். எஞ்சிய தோப்பை விற்பதைத்தான் சொல்கிறார் என்று தெரியும். வேண்டாமுங்ப்பா என்பேன். நீ என்மேல் வைத்திருக்கும் வருத்தத்தில் சொல்கிறாய் என்பார். அது வருத்தம் இல்லை. சிமுலேட்டருக்குள் மறுபடி உட்கார்ந்தால் ஓடுபாதையைவிட அவர் முகம்தான் முன்னால் வரும். இதை எப்படி அவரிடம் சொல்வது?

உடுமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை நார் மில்லில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நார்க்கழிவை அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலில் அனுப்புகிறோம். லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனையைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. அன்றைக்குத் தூத்துக்குடிக்கு லாரி போக வேண்டியிருந்தது. லாரியை அனுப்பினேன். பரிசோதனைக்குப் போகவில்லை, யாரும் ஏன் என்றும் கேட்கவில்லை.

அப்பா இப்போது மதியச் சாப்பாட்டைத் தானே கொண்டுவருகிறார். ஆளிடம் கொடுத்தனுப்பலாம், சொன்னால் கேட்பதில்லை. தூசியில் மூச்சு வாங்கிக்கொண்டே அலுவலக நாற்காலியில் உட்காருவார். தூக்குப்போசியைத் திறந்து அவரே எனக்குப் போட்டுக்கொடுப்பார். நேற்று புளிக்குழம்பும் வெண்டைக்காய்ப் பொரியலும். பசியில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.