எட்டு மணிக்கு ஓயும் குரல்

ஏலத்தின் நடுவில் தமிழரசியின் குரல் நின்றுபோகிறது. ஒரு கூடை சங்கரா மீன் விலை முடியாமல் மணலில் கிடக்கிறது. இடுப்பில் செருகிய போன் அதிர்ந்தால் மணி எட்டு. படகு நிழலில் உட்கார்ந்திருக்கும் புருஷன் பூபாலனிடம் போய் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டுவாள். அவன் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து ஏலம் தொடரும். வியாபாரிகள் பழகிவிட்டார்கள்.

திருவிடந்தைக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் அலைச்சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல் அவளுடையது. இடது விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு. அங்கிருந்த சிறுநீரகம் இரண்டு வருடமாகப் பூபாலனின் அடிவயிற்றில் வேலை செய்கிறது. "என் சாமான் அவராண்ட கீது. அவரு எங்க போனாலும் நானும் போய்க்கினேதான் கீறேன்" என்பாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் கடலுக்குப் போவதில்லை. கரையில் நின்றே இழுக்கும் கரைவலைக்குத் துண்டு வீசுகிறான். படகில் நிற்பவர் மீன் கூட்டத்தைக் கண்டு துணியைத் தூக்குவார். அது மட்டும் போதாது. மணல்மேட்டிலிருந்து பூபாலனும் துண்டை அசைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தமிழரசியின் அண்ணன் தேவேந்திரன் கூவுவார். அந்தக் கூவல் கேட்டுத்தான் மணலில் படுத்திருக்கும் வலைக்காரர்கள் எழுந்திருப்பார்கள்.

அதனால்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரிசில்லா சொன்னது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ரத்தத்தில் காவல் செல்கள் திரிகின்றன. ஒன்று அந்நியச் சதையின் துணுக்கைத் தூக்கிக் காட்டும். உதவி செல் அதைப் பார்த்தும் அசையாது. கூடவே இரண்டாவதாக ஒரு சைகையும் வரவேண்டும். வந்தால் உதவி செல் ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அதைக் கேட்டுத்தான் கொல்லும் செல்கள் விழித்துப் பெருகும். மாத்திரை, உதவி செல்லின் குரலை அடைத்துவைக்கிறது.

"அப்போ எங்க அண்ணன் வாய பொத்துற மாத்திர" என்றாள். பிரிசில்லா சிரித்துவிட்டாள்.

போன மாதம் தங்கையின் பிரசவத்துக்காக அவள் முட்டுக்காடு போயிருந்தாள். அந்த மூன்று நாளும் கவலை மீன் வந்து கடல் கறுத்துக் கிடந்தது. பூபாலன் மேட்டை விட்டு இறங்கவில்லை. போனில் கேட்டபோதெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டேன் என்றான். பரிசோதனையில், சிறுநீரகம் வடிக்க வேண்டிய உப்பு ரத்தத்தில் ஏறியிருந்தது. ஊசி போட்டு அனுப்பினார்கள். சிறுநீரகம் தங்குமா என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும் என்றார் டாக்டர். பஸ்ஸில் அவள் திட்டவில்லை. "வேணாம்னா சொல்லிடுய்யா, திருப்பிக் குடுத்துடு" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து மத்தியானத் தூக்கத்தில் அவளுக்கு ஒரே கனவு. வெதுவெதுப்பான சிவந்த கடல். கரை நெடுக வலைக்காரர்கள் கால் நீட்டித் தூங்குகிறார்கள். அவர்கள் நடுவே ஏதோ ஒன்று தன்பாட்டுக்குத் தண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறது. மேட்டில் யாரோ துண்டை எடுக்கிறார்கள். கத்த வாயெடுப்பாள், கத்தினால் எல்லாரும் எழுந்துவிடுவார்களே என்று விழுங்கிக்கொள்வாள்.

இன்று காலை மாத்திரை கொடுத்து முடித்த நேரம், நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவோடு பிரிசில்லாவிடமிருந்து போன். "உப்பு எறங்கிடுச்சுக்கா. பழைய அளவுக்கே வந்துடுச்சு."

பக்கத்தில் நின்ற தேவேந்திரனுக்கும் அது கேட்டது. கூவுவதற்கு இரண்டு கைகளையும் வாயருகே குவித்து மூச்சை இழுத்தார். தமிழரசி பாய்ந்து, செதில் ஒட்டிய உள்ளங்கையால் அண்ணனின் வாயைப் பொத்தினாள். இன்னொரு கை, தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல், பூபாலனின் வயிற்றின் மேல் இருந்தது.