அண்ணரின் மூன்றாம் பிரதி

எங்கள் அண்ணர் கடுகண்ணாவைப் புகையிரத நிலைய விடுதியில் பிறந்தவர். ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே வேலை பார்த்தார். ஐயா காலமானபோது அண்ணருக்கு வயது பத்தொன்பது, எனக்கு ஐந்து. அந்த மாதமே கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கடிதமும் பிரதியும் எழுதும் லிகிதராகச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் வாவிக்கு மேலே குன்றுச் சரிவில் ஒரு சிறு வீட்டில் குடிவைத்தார். வேலை முடிந்து வந்து வீட்டிலிருந்தே படித்து லண்டன் பட்டப் பரீட்சையிலும் தேறினார். இவையெல்லாம் உறவினர் அறிந்தவை. அறியாத ஒன்றை எழுதவே அண்ணரின் நினைவு மலரில் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

அண்ணரின் செத்தவீட்டில் சித்தப்பா அழுதுகொண்டே கேட்டார்: “உந்தக் குளிர் நாட்டுக்குப் போகச் சொல்லி ஆர் அவனுக்குச் சொன்னது?” பதில் தெரிந்த நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். ஓர் ஆண்டாக அந்தக் கேள்வி என் நெஞ்சிலேயே நிற்கிறது.

அண்ணருக்குப் பொது நிர்வாகம் படிக்கவேண்டுமென்ற ஆசை கந்தோர் விறாந்தையில் பிறந்தது. வத்தேகமையிலிருந்து விடியவே நடந்து வந்து, மாலையில் “நாளைக்கு வா” என்ற சொல்லோடு திரும்புகிறவர்களை அவர் தினமும் பார்த்தார். எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த காலம் அது.

“ஒரு மனு ஒன்பது மேசை ஏறி இறங்குது, பிள்ளை. எந்த மேசையிலை என்ன வேலையெண்டு மேசைக்காரருக்கே தெரியாது. நாளைக்கு நாட்டை எங்கடை ஆக்கள் நடத்தப் போகினம். மேசையை ஆர் நடத்துறது? அதுக்கும் ஒரு படிப்பு இருக்கு” என்பார்.

லண்டனில் ஒரு கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்தது. அண்ணர் விண்ணப்பம் எழுதினார். லிகிதரல்லவா! மூன்று பிரதி எழுதி, மூன்றிலும் கையொப்பமிட்டார். முதற் பிரதியைத் தபாலில் சேர்க்காமல் தம் மேலதிகாரியிடம் கொடுத்தார்.

“அண்ணை, முத்திரை ஒட்டிப் போட்டால் போய்ச் சேருமே!”

“அரசாங்க ஊழியன் வெளிநாட்டுக்கு நேரை எழுதக்கூடாது. மேலதிகாரி ஊடாகத்தான் போகவேணும்.”

அப்படி ஒரு விதி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு கல்லூரிக்கு எழுதும் விண்ணப்பத்தை என்ன செய்வதென்று மேலதிகாரிக்கும் தெரியவில்லை. அவர் கொழும்பைக் கேட்டார். கொழும்பு, இது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று திருப்பிக் கேட்டது. விண்ணப்பம் லண்டன் சேரவேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணர் சாப்பாட்டைப் பிசைந்தபடியே இருப்பார். எனக்குப் பதினாறு வயது. பொறுமை என்பது அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அலுமாரியிலிருந்த மூன்றாம் பிரதியை எடுத்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டுபோய், பள்ளிக்கூடம் போகும் வழியில் தபாலில் போட்டுவிட்டேன்.

போட்ட கையோடு பயம் பிடித்தது. இரண்டு மாதம் தபாற்காரரைக் கண்டால் அண்ணருக்கு முன்னே வாசலுக்கு ஓடுவேன். காணாவிட்டாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அண்ணர் நின்றபடியே வாசித்தார்.

“இது எப்பிடி வந்தது?”

“நான்தான் போட்டனான், அண்ணை.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். “என்ரை வேலை போகும், பிள்ளை” என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைத் தாமே கந்தோருக்குக் கொண்டுபோனார். அன்று வகுப்பில் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. பின்னேரம் வாவிக்கரையில் போய் நின்றேன். குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார்.

“என்னவாம்?”

“மேலதிகாரி கடிதத்தை ரெண்டுதரம் வாசிச்சார். அனுப்ப வேண்டியது போய்ச் சேர்ந்திட்டுது, இனிக் கொழும்புக்கு எழுத ஒண்டுமில்லை எண்டு கோவையை மூடிப்போட்டார். லீவும் தருவினமாம்.” பிறகு குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, “ஒரு எச்சரிக்கை மட்டும் பதிஞ்சிருக்கு” என்றார்.

பதினொரு வருட உத்தியோகத்தில் அவர் பெயருக்கு எதிரே விழுந்த முதற் கறை அது.

“ஆர் போட்டதெண்டு கேட்டவையோ?”

“கேட்டவை. கை தவறிப் போட்டிட்டன் எண்டனான்.”

“கை தவறி லண்டனுக்கோ, அண்ணை?”

அந்த நாளில் அப்போதுதான் சிரித்தார். “அம்மாவுக்கும் அதுதான் கதை. நீ வாயைத் திறக்காதை.”

லண்டனிலிருந்து வாரந்தோறும் கடிதம் வந்தது. பல்லேகலைக் கமக்காரர் ஒருவரின் காணி மனு ஒன்பது மேசை சுற்றிய கதையை அவர் வகுப்பில் சொன்னாராம், எல்லோரும் சிரித்தார்களாம், ஆசிரியர் சிரிக்காமல், அதையே கட்டுரையாக எழுதச் சொன்னாராம். குளிரைப் பற்றி ஒரு வரியும் இராது. ஆனால் மார்கழிக்குப் பின் அவருடைய எழுத்து வரி விட்டுச் சரியத் தொடங்கியது. அம்மா கேட்டால், “கப்பல் தபாலுக்கு அவசரமாக எழுதியிருப்பார்” என்பேன். எனக்கே நம்பிக்கையில்லை.

டிப்ளோமாவோடும் இருமலோடும் திரும்பி வந்தார். எட்டு மாதம் வேலை செய்தார். கந்தோர் விறாந்தையில், எந்த அலுவலுக்கு எந்த மேசை என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பலகை எழுதி மாட்டுவித்தார். அதை வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்ல ஓர் ஆளையும் வாசலில் இருத்தினார். பிறகு ஆசுபத்திரி. நெஞ்சு முற்றாகக் கெட்டுவிட்டது என்றார் வைத்தியர்.

கட்டிலருகே இருந்து, “அண்ணை, நான்தான் போட்டனானெண்டு அம்மாட்டைச் சொல்லட்டோ?” என்று கேட்டேன்.

“பின்னேரம் வாறவைக்குப் பலகை தெரியுதில்லையாம். ஒரு விளக்குக்கு எழுதவேணும்” என்றார். என் கேள்விக்கு அவர் தந்த பதில் அவ்வளவுதான். நான்காம் நாள் போய்விட்டார்.

இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், மழையில் பாடை சுமந்த கந்தோர் நண்பர்களுக்கும், துக்கத்தின் முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பைத் தம் அடுப்பாக நினைத்த பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தாருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிய உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிழை செய்தது நான் என்பதை அண்ணரின் மேலதிகாரிக்கும் எழுதிவிட்டேன்.

சித்தப்பா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: போகச் செய்தது நான்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா தாள்களை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

“போகாமல் விட்டிருந்தால் இருந்திருப்பானோ?” என்று கேட்டார்.

“தெரியாது, அம்மா.”

“போகாமல் இருந்திருந்தால் சந்தோஷமாய் இருந்திருப்பானோ?”

“அதுவும் தெரியாது.”

“அப்ப அதையும் எழுது” என்றார் அம்மா.

எழுதிவிட்டேன்.