ஒரே மூலக்கூறு, பல பெயர்கள்

இன்டர்லூக்கின்-6 கண்டுபிடிக்கப்பட்ட கதையை நான் கல்லூரியில் நடத்தும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நோயெதிர்ப்பு உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் அந்த மூலக்கூறைப் பல ஆய்வகங்கள் தனித்தனியே கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டன. எல்லாம் ஒன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

கொரோனாவில் என் கணவர் படுத்திருந்தபோது டாக்டர் அதே பெயரைச் சொன்னார்.

"எக்கச்சக்கமா ஏறிப்போச்சுங்க. அவரோட எதிர்ப்புச் சக்தியே நுரையீரலைக் கெடுக்குதுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் என் கையைப் பிடித்தார். "ஏங் கண்ணு, நீ சொல்லிக்குடுக்கற பாடந்தான இது? அதை அடக்க மருந்தில்லியா?"

மருந்து இருந்தது. துடியலூரிலிருந்து காந்திபுரம் வரை கடை கடையாக ஏறி இறங்கியும் எனக்குத்தான் கிடைக்கவில்லை. கடைசியில் அவர் உடலைப் பொதிந்து கட்டித்தான் கொடுத்தார்கள்.

இந்த வருஷமும் அந்தப் பாடம் வந்தது. பிள்ளைகள் அதே இடத்தில் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.