ஸ்போர்ட்ஸ் கார் வாங்காததன் பலன்

இன்று அரூர் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"அம்பாசிடர் சாருங்களா? நான் உங்க கார்லதான் பொறந்தேனுங்க."

எண்பதுகளில் இரண்டு பழைய கார்கள் விலைக்கு வந்தன. நான் ஆசைப்பட்டது இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு.

"அது பாதி நாள் ஷெட்லதாங்க நிக்கும். அம்பாசிடர் எப்பவும் ஸ்டார்ட் ஆவுங்க" என்றார் மெக்கானிக் பாய்.

அம்பாசிடரையே வாங்கினேன். எப்பவும் ஸ்டார்ட் ஆனது. பிரசவம், பாம்புக்கடி, பெண் பார்ப்பது என்று ஊரே ஏறியது. வண்டி ரிப்பேர் என்று சொன்னாலும் ஒருவரும் நம்பவில்லை.

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேனுங்க. அந்த வண்டி இன்னும் ஓடுதுங்களா?" என்கிறார் இப்போது அந்தப் பெண்.

ஓடுகிறது. காலையில் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப் போய்விட்டதால்தான் நான் பஸ்ஸில் இருக்கிறேன்.

நல்ல பொய் இருந்தால் உடனே கமெண்டில் போடுங்கள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.