பெயர் சொல்லாமல் ஏறிய சுவர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், மொன்ட்ரியாலில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரித் தோழிகள், அமெரிக்கப் பாலைவனத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு மணற்கல் மலையில் ஏறத் திட்டம் போட்டார்கள். அந்தச் சிவந்த சுவரின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஏறாவிட்டால் செத்துப்போக மாட்டேன்தான். ஆனாலும் ஏறியே ஆகவேண்டும் என்று இருந்தது.

ஆனால், கீழே நின்று கயிறு பிடிக்க ஆளைக் கூட்டிவர வேண்டும். நகரத்தில் சுவர் ஏறப் பழக்கும் கூடமொன்றில் இருவரும் சேர்ந்து சோதனையிலும் தேறவேண்டும். கணவரைக் கேட்டேன். “சோதினைக்கு வாறன். மலைக்கு வேறை ஆளைப் பாரும்” என்றார். ஞாயிறு கோயில் பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது இந்தக் கதை கசிந்து, எங்கள் பங்குக் கோயிலிலிருந்து இன்னும் இரண்டு புருசன் பெண்சாதி சோடி கிளம்பிவிட்டது. ஒருவர் போனால் ஊரே போகும் சனம் நாங்கள்.

கூடத்தில் பழக்கிய கெபெக் பெண் ஒரேயொரு சட்டம்தான் சொன்னாள். மேலிருந்து எதைக் கேட்டாலும் கயிறு பிடிப்பவரின் பெயரை முதலில் சொல்லவேண்டும். அங்கேதான் வினை. நான் என் கணவர் பெயரைச் சொன்னது கல்யாணத்தன்று, பீடத்தின் முன் வாக்குக் கொடுக்கும்போது மட்டும். அதுவும் சுவாமியாருக்கே கேட்டிராது. மற்றப்படி வீட்டில் “இஞ்சாருங்கோ”தான். மற்ற இரண்டு பெண்களுக்கும் அதேதான்.

முதல் சோதனையில் நான் உச்சியைத் தொட ஒரு பிடி இருக்கும்போது, பக்கத்துச் சுவரில் தொங்கிய எங்கள் பங்குப் பெண், “இஞ்சாருங்கோ, இறக்குங்கோ” என்று கத்தினாள். கீழே நின்ற மூன்று கணவன்மாரும் பணிவோடு கயிற்றை இளக்கினார்கள். மூன்று பெண்களும் கிணற்று வாளிபோல ஒன்றாக இறங்கினோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் குரல்கூடத் தெரியாதா என்று கணவரைக் கேட்டேன். பயந்தால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே குரல்தான் என்றார். கெபெக் பெண் ஒருவரும் தேறவில்லை என்று தலையை ஆட்டி, அடுத்த கிழமை வரச்சொன்னாள்.

அந்தக் கிழமை முழுக்க, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவர் பெயரைச் சொல்லிப் பழகினேன். ஒருநாள் கதவைத் தட்டி, “ஆரோடை கதைக்கிறீர்?” என்றார். செபம் சொல்கிறேன் என்றேன்.

இரண்டாம் சோதனையில் அதே இடத்தில் கால் நழுவியது. வெட்கம் பறந்தது. பெயரைச் சொல்லி, இறுக்கச் சொல்லிக் கத்தினேன். மனுசன் கயிற்றை விடவில்லை. ஆனால் யார் கூப்பிடுவது என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். இன்னொருதரம் கத்தினேன். கயிறு இறுகியது. உச்சியைத் தொட்டேன், தேறினோம்.

வீடு திரும்பும் மெத்ரோ ரயிலில் அவர் உள்ளங்கையில் கயிறு பதிந்த தடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமாக்கும் என்று நினைத்தேன். நாங்கள் இறங்கும் கோட்-டெ-நெய்ஜ் நிலையம் நெருங்கியபோது சொன்னார்.

“கோயிலிலை சொன்னதுக்குப் பிறகு இப்பதான் சொல்லுறீர்.”

“பிழையோ?”

“இல்லை. பாலைவனத்திலை இன்னும் பலத்துச் சொல்லும். அங்கை காத்து அதிகம், எனக்குக் கேக்காது.”